ஜமீன் குடித்த தண்ணீர்

மார்ச் 9, ஞாயிறு

பட்டு குட்டி போட்டுவிட்டாள். காலை பத்தரைக்கு ஆரம்பித்து மதியம் ஒன்றேகாலுக்குள் நான்கு. மூன்றாவது வரக் கொஞ்சம் தாமதமானது. எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. அவள் நிதானமாக முதல் இரண்டையும் நக்கிக்கொண்டு படுத்திருந்தாள். பெர்ஷியன் பூனைக்குத் தலை பெரிது, பிரசவம் சில சமயம் சிக்கலாகிவிடும் என்பதால் டாக்டர் பிரிசில்லாவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். கூப்பிட வேண்டிய அவசியம் வரவில்லை.

நான்கும் ஒரே பால்நிறம். அடையாளத்துக்குக் கழுத்தில் கம்பளி நூல் கட்டினேன், விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக. நாள் தவறாமல் அவிழ்த்துக் கட்ட வேண்டும். குட்டி வளர்வது நூலுக்குத் தெரியாது.

எடை: சிவப்பு 98 கிராம், பச்சை 91, மஞ்சள் 102, நீலம் 88.

வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்து, நாலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு மோட்டார் வைண்டிங் கடைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை அங்கே என்ன வேலையோ. பூனை என்னுடைய கிறுக்கு, அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது பன்னிரண்டு வருடமாக அவருடைய கட்சி. சமையலறையில் பட்டுவுக்கு எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி தயாராக இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

அப்பன்காரன் ஜமீன் பின்னறையில் தனியாக இருக்கிறான். தண்ணீர்க் கிண்ணம் காலி. நிரப்பினேன். கோயமுத்தூரிலும் வெயில் ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 10

சிவப்பு 107, பச்சை 99, மஞ்சள் 113, நீலம் 91. நீலம் பால் குடிப்பதில் சோம்பேறி.

மார்ச் 20, வியாழன்

மூன்று பேர் கண் திறந்துவிட்டார்கள். பச்சை ஒரு கண் மட்டும். மற்றதை நாளைக்கு வைத்திருக்கிறது போல.

குட்டி கேட்டு ஏழு போன் வந்தாயிற்று. ஒருவர் ஒரு மாதத்தில் தந்துவிடுங்கள், மகளின் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்றார். பூனைக்குட்டி கேக் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். பன்னிரண்டு வாரம் ஆகி இரண்டு தடுப்பூசியும் போடாமல் என் வீட்டுப் படியைக் குட்டி தாண்டாது. வாங்க வருகிறவர்கள் தாயைப் பார்க்க வேண்டும், தகப்பனைப் பார்க்க வேண்டும், நான் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பட்டுவுக்கு ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி விட்டிருக்கிறேன். வருடத்துக்கு மூன்று முறை குட்டி போட வைக்கிறவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதினால் நோட்டு பாழாகிவிடும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குட்டிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. ஓட்டம் என்று சொல்ல முடியாது. கிளம்புவது ஒரு பக்கம், போய்ச் சேருவது வேறு பக்கம். பச்சை என் செருப்புக்குள் தூங்குகிறது.

ஜமீனின் கிண்ணத்தை இன்று மூன்று முறை நிரப்பினேன். அக்கினி நட்சத்திரம் வருவதற்கு முன்பே இப்படிக் காய்கிறது. உடம்பில் முடியும் கொஞ்சம் மங்கியிருக்கிறது. இது முடி கொட்டும் காலம்தான்.

மே 4, ஞாயிறு

எட்டு வாரம் முடிந்து முதல் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. இன்று முதல் ஆளாக வந்தவர் பிரபாவதி. ஒண்டிப்புதூர். முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவர். உள்ளே வந்ததும் கையைக் கழுவக் குழாய் எங்கே என்று கேட்டார். அப்போதே எனக்குப் பிடித்துப்போயிற்று.

எல்லோரும் ஓடி வந்து மடியில் ஏறும் குட்டியைத்தான் கேட்பார்கள். இவர் தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் சும்மா பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார். கண்ணில் பீளை இருக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா, காதுக்குள் கறுப்பாக ஏதாவது, ஈறு என்ன நிறம், வயிறு உப்பியிருக்கிறதா, முடியைக் கோதினால் தெள்ளுப்பூச்சித் துகள் விழுகிறதா. நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதை எனக்கே செய்து காட்டினார். கடைசியில் பச்சையைக் காட்டி இது என்றார். மற்ற மூன்றும் விளையாடிக்கொண்டிருந்தபோது பச்சை மட்டும் அவருடைய கைப்பையின் ஜிப்பைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

அதோடு போயிருக்கலாம். தகப்பனின் சிறுநீரகப் பரிசோதனைச் சான்றிதழைக் கேட்டார். அவருடைய முந்தைய பெர்ஷியன் ஐந்து வயதில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி நிறைந்து செத்துப்போனதாம். பரம்பரை நோய், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வந்துவிடும். எனக்கா தெரியாது? பட்டுவின் சான்றிதழை எடுத்து வைத்தேன், ஜமீனுடையதையும் எடுத்து வைத்தேன்.

அவர் இரண்டாவதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார்.

"அக்கா, இது இவனோட அப்பனோட ரிப்போர்ட்டுங்க. இவனோடது எங்கீங்க?"

அப்பனுக்கு இல்லாதது மகனுக்கு எப்படி வரும் என்றேன்.

"அம்மாகிட்டருந்து வரலாமுங்களே."

ஜமீனை வாங்கிய பெங்களூர்க்காரர் அவனுடைய தாய்க்குப் பரிசோதனை செய்யவே இல்லை. நானும் கேட்கவில்லை. மூன்று மாதக் குட்டியாக அவனைப் பார்த்தபோது கேட்கத் தோன்றவில்லை. தலையும் நடையும் அப்படி இருந்தன.

மே 5

என் வீட்டுக்கே வந்து என்னையே கேள்வி கேட்கிறாள். ஜமீன் கண்காட்சியில் இரண்டு முறை முதல் பரிசு வாங்கியவன். நேற்று முழுக்க வயிற்றெரிச்சல்.

மே 7, புதன்

டாக்டர் பிரிசில்லாவிடம் ஜமீனை ஸ்கேனுக்குக் கொண்டுபோனேன். அந்தப் பெண்ணின் வாயை அடைக்க.

இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். கறுப்பு வட்டங்கள். எண்ண ஆரம்பித்து ஏழில் நிறுத்திக்கொண்டேன். இதற்கு மருந்து கிடையாது, ஆனால் உணவையும் ரத்தத்தையும் கவனித்துக்கொண்டால் சில வருடங்கள் நன்றாகவே இருப்பான் என்றார். இனி இனவிருத்திக்கு விடக்கூடாது என்றார். அதை அவர் சொல்ல வேண்டியதில்லை.

குட்டிகளுக்கு இந்த வயதில் ஸ்கேனில் சரியாகத் தெரியாது. கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியைத் தேய்த்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். நான்கு உறைகள் கொண்ட பெட்டி ஒன்றைக் கொடுத்தார். தானே எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, குட்டிகளை ஆட்டோவில் வைத்து அலைக்கழிக்க வேண்டாம், பன்னிரண்டு வருடமாக வளர்க்கிறவளுக்கு இது தெரியாதா என்று வாங்கி வந்தேன்.

ஜமீனுக்கு இது இரண்டாவது ஈத்து. முதல் ஈத்தின் ஐந்து குட்டிகள் ஐந்து வீடுகளில் இருக்கின்றன. ஒன்றரை வயது ஆகியிருக்கும்.

மே 10, சனி

குட்டிகள் பட்டுவிடம் பால் குடித்துவிட்டுக் கிறங்கிக் கிடந்த நேரமாகப் பார்த்து எடுத்தேன். ஒருவரும் முரண்டு பிடிக்கவில்லை. உறைகளை ஒட்டி அனுப்பிவிட்டேன்.

ஐந்து வீட்டுக்கும் போன் செய்ய வேண்டும். இந்த முடிவு வரட்டும், சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

மே 17

எடை எடுக்கவில்லை. மறந்துவிட்டேன்.

மே 24, சனி

நான்குக்கும் இல்லை! நான்கு பேருக்கும் நோய் இல்லை என்று எழுதி வந்துவிட்டது. ரவை கேசரி கிளறினேன். வீட்டுக்காரர் இரண்டு தட்டு சாப்பிட்டார். பிரபாவதிக்குப் போன் செய்து சொன்னேன். ஜூன் ஒன்றாம் தேதி பச்சையை எடுத்துக்கொள்ள வருகிறார். பாதிக்கு வரும் என்பது ஒரு கணக்குதானே, கடவுள் கணக்கு வேறு.

மே 26, திங்கள்

பழைய அட்டைப்பெட்டிகளைக் கழித்தேன். ஆய்வுக்கூடப் பெட்டிக்கு அடியில் மடித்த தாள் ஒன்று கிடந்தது. படித்தேன். திரும்ப மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

மே 27

இன்று விசேஷம் ஒன்றுமில்லை.

மே 28

சிவப்பு 1,240. மஞ்சள் 1,285. பச்சை 1,190. நீலம் 1,130. எல்லோரும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். பச்சை ஜன்னல் கொக்கியைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. பார்த்தால் நோயுள்ள குட்டி மாதிரியா இருக்கிறது?

மே 29, வியாழன்

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள். பூனை வளர்க்கிறவளுக்கும் அது பொருந்தும். எழுதிவிடுகிறேன்.

அந்தத் தாளில் இருந்தது இதுதான்: பால் குடிக்கும் குட்டிகளைத் தாயிடமிருந்து இரண்டு மணி நேரமாவது பிரித்து வைத்த பிறகே மாதிரி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் குட்டியின் வாயில் தாயின் செல்கள் ஒட்டியிருக்கும்; முடிவு தாயுடையதாக இருக்கக்கூடும். நான் எடுத்தது பால் குடித்து முடித்த மறு நிமிடம். பட்டுவுக்கு நோய் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கே நான்கு முறை பரிசோதனை செய்தேனோ என்னவோ.

இது யாருக்கும் தெரியாது. கையில் இருப்பது முத்திரை குத்திய உண்மையான சான்றிதழ். நோய் வெளியே தெரிய நான்கைந்து வருடம் ஆகும். தேதி குறித்தாயிற்று, பிரபாவதி கூடை வாங்கிவிட்டதாகப் படம் அனுப்பியிருக்கிறார். இந்த மூன்று நாளாக இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். பூனை விஷயம், என்னிடம் ஏன் சொல்கிறாய் என்பார் என்று நினைத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஓடற மோட்டாராத்தான் இருக்கும் வசு. ஆனா டெஸ்டு சரியாப் பண்ணாதத நான் கெணத்துக்குள்ள எறக்க மாட்டேன். எறக்கறது சுலுவு. மேல எடுக்கறதுக்குள்ள சீவன் போயிரும்."

சொல்லிவிட்டு, அந்தப் பச்சைக்காரி எங்கே, கடைச் சாவியைக் காணோம் என்று தேடப் போனார்.

மே 30, வெள்ளி

காலை பட்டுவை ஜமீன் அறைக்குப் பக்கத்து அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். இரண்டு மணி நேரம் போதும் என்று தாளில் இருந்தது. மூன்று மணி நேரம் வைத்தேன். இந்தப் பக்கம் நான்கும் கத்தல், அந்தப் பக்கம் அவள் கதவைப் பிராண்டல், நடுவில் நான். டாக்டர் பிரிசில்லா வீட்டுக்கே வந்து எடுத்தார். முதலில் எடுத்தது செல்லாது என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 1, ஞாயிறு

பிரபாவதிக்குப் போன் செய்து இன்று வர வேண்டாம், முடிவு தப்பாக இருக்கலாம், மறுபடி அனுப்பியிருக்கிறேன் என்றேன். எப்படித் தப்பானது என்று கேட்டார். சொன்னேன். சரிங்க என்று வைத்துவிட்டார். அந்தச் 'சரிங்க'வை நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9

இன்னும் வரவில்லை.

ஜூன் 14, சனி

வந்துவிட்டது.

சிவப்பு: இல்லை. மஞ்சள்: இல்லை. நீலம்: இருக்கிறது. பச்சை: இருக்கிறது.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதேன். வெளியே வந்தால் பச்சை வழக்கம்போல என் செருப்பில். இப்போது செருப்புக்குள் கொள்ளவில்லை, பாதி உடம்பு தரையில் கிடக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

பிரபாவதியை நேரில் வரச் சொன்னேன். இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை.

இரண்டு சான்றிதழ்க் கட்டுகளையும் முன்னால் வைத்தேன், பழையதும் புதியதும். ஜமீனின் ஸ்கேன் படத்தையும் வைத்தேன். எல்லாவற்றையும் படித்தார். பச்சை அவருடைய கைப்பையைத் தேடி வந்தது. அதைத் தூக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஜமீனுக்கு இருக்குதுன்னு உங்களுக்கு எப்பருந்துங்க தெரியும்?"

மே ஏழு என்று சொல்லலாம். ஸ்கேன் படத்தில் அந்தத் தேதிதான் அச்சாகியிருக்கிறது. இந்த நோட்டும் அதைத்தான் சொல்லும். மார்ச்சிலிருந்து வெயில் வெயில் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

"மார்கழியில" என்றேன். "நல்ல குளிரு. அப்பவே ஒரு நாளைக்கு ரெண்டு தடவ கிண்ணத்தக் காலி பண்ணுனான். கிட்னி கெட்டாத்தான் பூனை இப்படித் தண்ணி குடிக்கும்னு எனக்குத் தெரியும் கண்ணு. ஸ்கேன் பாத்தா இருக்கும்னு தெரிஞ்சுதான் பாக்கல. அதுக்கப்புறந்தான் பட்டுகூட விட்டேன்."

இதை வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. அவர் அடுத்த அறையில்தான் இருந்தார், கேட்டிருக்கும்.

பிரபாவதி எழுந்தார். பச்சையின் தலையை ஒரு முறை தடவினார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 16

ஊருக்குத்தான் உபதேசம்.

ஜூன் 18, புதன்

ஜமீனுக்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் என் கையைக் கடித்தான். சந்தோஷமாக இருந்தது. பச்சையும் நீலமும் இங்கேயேதான் இருக்கப் போகிறார்கள். வயது வந்ததும் அவர்களுக்கும் ஆபரேஷன். இவர்களோடு இந்த நோய் இந்த வீட்டில் நின்றுவிட வேண்டும். வீட்டுக்காரர் பச்சைக்கு 'சாவி' என்று பெயர் வைத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை.

மார்கழி விஷயத்தைப் பற்றியும் கேட்கவில்லை. ஆனால் காலையில் நான் எழுவதற்கு முன்பே ஜமீனின் கிண்ணம் கழுவி நிரப்பியிருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

பதினொரு மணிக்கு வாசலில் பிரபாவதி. கையில் கூடை.

உள்ளே வந்து, கையைக் கழுவி, தரையில் உட்கார்ந்தார். சிவப்பையும் மஞ்சளையும் புதிதாகப் பார்ப்பதுபோல மறுபடி பார்த்தார். கண், காது, ஈறு, வயிறு, வால் அடி. கடையிலிருந்து சின்ன டார்ச் கொண்டுவந்திருந்தார். கண்மணி சுருங்குகிறதா என்று அடித்துப் பார்த்தார். சான்றிதழில் பார்த்த எண்ணை வைத்து ஆய்வுக்கூடத்துக்கே எழுதிச் சரிபார்த்துவிட்டாராம். என்னை இம்மியும் நம்பவில்லை. இப்படி ஒரு ஆள் வாங்க வருவதற்குத்தான் நான் பன்னிரண்டு வருடமாகப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

மஞ்சளைக் கூடையில் வைத்தார். பழைய பூனை செத்தபோது, அதை விற்றவரிடமும் எப்போதிருந்து தெரியும் என்ற அதே கேள்வியைக் கேட்டாராம். பூனை என்றால் சாகத்தான் செய்யும் என்றாராம் அவர். அன்றைக்கு அவர் என்ன சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும் என்று இந்த வாரம் யோசித்தேன் என்றார். கூடையை மூடிவிட்டு, முதல் ஈத்துக் குட்டிகள் வாங்கிய வீடுகளுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"சொல்லுங்க. நான் இருக்கறேன்."

போனை எடுத்து வந்தேன். பட்டுவும் மற்றவர்களும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள், ஏதோ படம் போடப் போவது மாதிரி.

முதல் வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சொன்னதெல்லாம் நியாயம். இரண்டாவது வீட்டுப் பெண் டாக்டர் பெயரையும் நம்பரையும் மட்டும் குறித்துக்கொண்டார். மூன்றாவதில் ஒரு மாமி அழுதார், நானும் அழுதேன், அவரே என்னைத் தேற்றி வைத்தார். நான்காவது ஆள், ஸ்கேன் எடுத்துவிட்டுப் பேசுகிறேன் என்றார்.

ஐந்தாவது பொள்ளாச்சி. தேங்காய் மண்டி வைத்திருக்கும் ராஜமாணிக்கம். நான் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"எங்களுக்குத் தெரியுமுங்க்கா" என்றார். "கார்த்திகையில கருத்தடை ஆபரேசனுக்கு முன்ன ஸ்கேன் எடுத்தப்பவே டாக்டரு சொல்லிட்டாருங்க. ஆறு மாசத்துக்கொருக்கா ரத்தம் பாக்கறோம், நல்லாத்தான் இருக்குது. உங்ககிட்டச் சொன்னா சங்கடப்படுவீங்கன்னு உட்டுட்டோமுங்க."

கார்த்திகை. நான் பட்டுவை ஜமீனோடு விட்டது மார்கழிக் கடைசியில். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பச்சையும் நீலமும் இந்தக் கட்டிகளோடு பிறந்திருக்க மாட்டார்கள். பிறந்தே இருக்க மாட்டார்கள். தலைக்குச் சுர்ரென்று ஏறியது. மனுசனா நீ என்று கேட்க வாயைத் திறந்தேன். பிரபாவதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த முகத்தோடு கேட்பது? அவர் எனக்குப் பாவம் பார்த்துச் சொல்லவில்லை. நான் எனக்கே பாவம் பார்த்துக்கொண்டு சொல்லவில்லை.

"தம்பி" என்றேன், "இனிமே நான் சங்கடப்படுவேன்னு பாக்காதீங்க. எதுன்னாலும் அன்னைக்கே கூப்புட்டுச் சொல்லிப்போடுங்க. சங்கடப்படறதும் இந்தத் தொழில்ல ஒரு வேலைதானுங்க."